செவிகொடுக்கும் துணை



1985ஆம் ஆண்டு முதல் 2018ஆம் ஆண்டு வரை நான் ஆசிரியனாய் இருந்தேன். இறுதிப் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாய் இருந்தேன். அக்காலமெல்லாம் மாணவர்க்கு நான் மிகுதியாக வழங்கிய பொருள் யாது என்று யாரேனும் கேட்டால், கணக்கும் அன்று, ஆங்கிலமும் அன்று, அறிவுரையே என்று சொல்ல வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் அறிவுரை. காலந்தாழ்ந்து வந்தவனுக்கு அறிவுரை. தேர்வில் தோற்றவனுக்கு அறிவுரை. வென்றவனுக்கும், செருக்குக் கொள்ளாதிருக்குமாறு, அறிவுரை. பெற்றுக்கொண்டவர்கள் அதனை எங்கே வைத்தார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் எங்களுக்கு ஒரு தாள். அத்தாளில் கார்ல் ரோஜர்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றில் வந்துபோவார். அவர் கூறிய மூன்று பண்புகளை மனப்பாடம் செய்து எழுதினேன், மதிப்பெண் கிடைத்தது, மறந்துவிட்டேன். அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது பணிக்காலத்தின் பிற்பகுதியில்தான். அதுவும் ஒரு மாணவனை இழந்த பிறகு. அந்தச் செய்தியைப் பின்னர்க் கூறுவேன்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்குப் பெயர் வைப்பதிலேயே ஓர் இடர்ப்பாடு உண்டு. 'கவுன்சலிங்' என்று சொன்னால், தமிழ்நாட்டு மாணவர் மனத்தில் பொறியியல் கல்லூரியில் இடம் பெறுவதற்கான கலந்தாய்வே முதலில் தோன்றும். 'ஆலோசனை' என்றால், ஒருவர் சொல்ல மற்றவர் தலையசைப்பது என்றாகிவிடுகிறது. 'ஆற்றுப்படுத்துதல்' என்றும் சிலர் வழங்குகின்றனர். அழகிய சொல்லே. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி கூறுவது நம் பண்டை ஆற்றுப்படை. ஆயினும் அங்கும் வழியறிந்தவன் ஒருவன், அறியாதவன் மற்றொருவன். ரோஜர்ஸ் ஐயுற்றது அந்த ஏற்பாட்டையேயாம். இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்கின்றனர். வழிகாட்டுபவன் முன்னே நடப்பான். துணை வருபவன் உடன் நடப்பான். ஆதலின் அச்சொல்லையே நான் இங்குக் கையாளுகிறேன்.

கார்ல் ரோஜர்ஸ் 1902ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள், சிக்காகோ நகரை அடுத்த ஓக் பார்க் என்னும் ஊரில், ஆறு மக்களுள் நான்காமவராகப் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் வேளாண்மையை அறிவியல் முறைப்படி நடத்த விரும்பியவர். எனவே சிறுவர் ரோஜர்ஸ் கால்நடைத் தீவனம் பற்றிய தடித்த நூல்களைப் படித்தார். ஒரு தீவனம் பாலைப் பெருக்குகிறது என்று வாயால் சொன்னால் போதாது. ஒத்த மாடுகளை இரு கூட்டமாய்ப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்து, மற்றொன்றுக்குக் கொடாமல் அளந்து பார்க்க வேண்டும் என்பதை அவர் அப்பொழுதே அறிந்துகொண்டார். உளவியலார் என்றால் மென்மையாகப் பேசுபவர் என்று எண்ணுவோர், இவர் மாட்டுத் தொழுவத்தில் ஆராய்ச்சி கற்றவர் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இளமையில் தம் வீட்டு நிலவறையில் கண்ட ஒரு காட்சியை அவர் முதுமையில் எழுதினார். குளிர்காலத்துக்கென உருளைக்கிழங்குகளை அங்கே சேமித்து வைத்திருந்தனர். பல அடி உயரத்தில் ஒரு சிறு சன்னல். அதன் வழியே சிறிது வெளிச்சம். அந்த இருளிலும் கிழங்குகள் முளைவிட்டன. மண்ணில் முளைக்கும் பசுமையான முளைகள் அல்ல. வெளுத்து மெலிந்த முளைகள். எனினும் இரண்டடி, மூன்றடி நீண்டு, சன்னல் இருந்த திசையை நோக்கியே சென்றன. அவை செடியாகப் போவதில்லை; பூக்கப் போவதும் இல்லை. ஆனால் வளர்வதை நிறுத்தவும் இல்லை. மனநல மருத்துவமனைகளில் கைவிடப்பட்ட மனிதரைக் காணுந்தோறும் அம்முளைகள் அவர் நினைவுக்கு வந்தனவாம். அவர்களது நடத்தை பிறர்க்குக் கோணலாகத் தோன்றலாம். அவர்கள் கிடைத்த சிறு வெளிச்சத்தை நோக்கி வளர முயன்ற வழி அது. உயிர்க்கு இயல்பாயுள்ள இந்த உந்துதலை நம்பலாம் என்பதே ரோஜர்ஸின் கொள்கைக்கு அடித்தளம். மற்றவை எல்லாம் அதன்மேல் எழுந்தவை.

வேளாண்மை படிக்கப் பல்கலைக்கழகம் சென்றவர், வரலாற்றுக்கு மாறினார். 1924இல் நியூயார்க்கில் சமயக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். அங்கும் நிலைக்காமல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிக்கு வந்து உளவியல் பயின்றார். என்னைப்போல் ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்கு இதில் சிறிது மகிழ்ச்சி உண்டு. 1928இல் ரோச்செஸ்டர் என்னும் நகரில், இடர்ப்பட்ட சிறுவர்க்கு உதவும் ஓர் அமைப்பில் பணியேற்றார். நீதிமன்றங்களும் தொண்டு நிலையங்களும் அனுப்பிய பிள்ளைகள் அங்கே வந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் அவர்களோடு கழிந்தன.

அங்கே நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஓர் அம்மையார் அடங்காத மகனை முன்னிட்டு அங்கே வந்தார். அறிவு நிறைந்தவர். சிறுவனின் வரலாற்றை ரோஜர்ஸ் ஆராய்ந்தார்; காரணம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது: மகனைத் தாய் இளமையிலேயே மனத்தால் ஒதுக்கிவிட்டார். இதைத் தாயே உணருமாறு செய்ய வேண்டும். பல வாரங்கள், பல சந்திப்புகள். அவர் சொன்ன செய்திகளையே எடுத்து, பொறுமையாய், மென்மையாய், முடிச்சுப் போட்டுக் காட்டினார். அம்மையார் அதனைக் காணவே இல்லை. கடைசியில் ரோஜர்ஸ் தம் தோல்வியை ஒப்புக்கொண்டார். 'நாம் இருவரும் முயன்றோம், பயனில்லை, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்' என்ற கருத்தில் பேசினார். அவரும் இசைந்தார். கைகுலுக்கிக்கொண்டனர். அம்மையார் கதவுவரை நடந்தார். அங்கே நின்று திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே துணைபுரிவதுண்டா என்று கேட்டார். உண்டு என்றார் ரோஜர்ஸ். அப்படியானால் எனக்கு உதவி வேண்டும் என்று சொல்லி, விட்டுச் சென்ற நாற்காலிக்கே மீண்டும் வந்து அமர்ந்தார். தம் மணவாழ்வின் துயரத்தையும், கணவரோடு ஏற்பட்ட பிளவையும், தம் தோல்வியுணர்ச்சியையும், குழப்பத்தையும் கொட்டித் தீர்த்தார். அதுவரை அவர் தந்திருந்தது உயிரற்ற குறிப்பு. அன்று வந்ததே உண்மையான வாழ்க்கை. ரோஜர்ஸ் அவரை எங்கும் செலுத்தவில்லை. அவர் போன வழியே தாமும் சென்றார். அம்மையாரும் தேறினார், மகனும் தேறினான்.

புண் எங்கே இருக்கிறது என்பதும், எந்தத் திசையிற் செல்ல வேண்டும் என்பதும் நாடி வந்தவர்க்கே தெரியும் என்று அவர் உணரத் தொடங்கியது இவ்வகை அனுபவங்களால். இதில் இன்னொரு நுட்பம் உண்டு. மாணவர்கள் அதனைக் கவனிக்க வேண்டும். ரோஜர்ஸ் கண்டறிந்த காரணம் தவறாக இருந்திருக்க வேண்டியதில்லை. அது சரியாகவே இருந்திருக்கலாம். சரியான விடை பயன்படவில்லை என்பதே செய்தி. விடை சரியாயிருந்தால் போதும் என்று பழகிய எங்களைப் போன்ற ஆசிரியர்க்கு இது கசப்பான மருந்து.

1940இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவ்வாண்டு திசம்பர் 11ஆம் நாள் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அறிவுரை கூறுதல், வற்புறுத்துதல், விளக்கம் தந்து திருத்துதல் ஆகிய பழைய முறைகளை அதில் குறை கூறினார். அவையில் எழுந்த பரபரப்பைக் கண்ட பின்னரே, தாம் புதியதொன்றைச் சொல்லிவிட்டோம் என்பது அவர்க்குத் தெரிந்ததாம். தம் முறை பிறந்த நாளாக அவர் அதனையே கருதினார். 1942இல் அவரது நூல் வெளிவந்தது. நாடி வருபவரை 'நோயாளி' என்னும் சொல்லால் அவர் குறிக்கவில்லை. வழக்கறிஞரிடம் செல்பவரை நாம் கட்சிக்காரர் என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லையே எடுத்துக்கொண்டார். தாமே விரும்பி வருபவர், தம் வழக்கைத் தம்மிடமே வைத்திருப்பவர் என்பது கருத்து. பின்னாளில் அதுவும் போதாதென்று 'ஆள்மைய அணுகுமுறை' என்று பெயர் விரிந்தது.

அந்த 1942ஆம் ஆண்டு நூலில் ஒரு புதுமை இருந்தது. ஒருவரோடு எட்டு முறை நிகழ்ந்த உரையாடல் முழுவதும், சொல்லுக்குச் சொல், அதில் அச்சாயிற்று. எப்படி? இசைத்தட்டில் பதிவு செய்து. காந்த நாடா பரவாத காலம் அது. ஒவ்வொரு தட்டும் சில நிமிடங்களே ஓடும். மாற்றி மாற்றித் தட்டுகளை வைத்துப் பதிந்து, மீண்டும் மீண்டும் கேட்டு எழுத வேண்டும். அதுவரை மூடிய அறைக்குள் நடப்பதை உலகம் அறிய ஒரே வழி, துணைபுரிந்தவர் நினைவிலிருந்து எழுதிய குறிப்பே. பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அக்குறிப்புகளில் பேச்சின் பெரும்பகுதி விடுபட்டிருந்தது தெரியவந்தது. தாம் செவிகொடுத்துக் கேட்பதாக நம்பியவர்கள், உண்மையில் தாமே மிகுதியாகப் பேசியிருந்தனர். நண்பர்களே, என் அறையில் அப்படியொரு கருவி இருந்திருந்தால் என்ன பதிந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இனி, நான் மனப்பாடம் செய்த அம்மூன்று பண்புகளுக்கு வருவோம். ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல் என அவற்றைத் தமிழிற் கூறலாம்.

ஒத்துணர்வு என்பது இரக்கம் அன்று. இரங்குபவன் மேட்டில் நிற்பான். பிறர் உலகத்தை, அது தன் உலகமே போல, உள்ளிருந்து காண்பது ஒத்துணர்வு. ஆயினும் அந்த 'போல' என்பதை ஒருபோதும் இழத்தல் கூடாது என்றார் ரோஜர்ஸ். தமிழ் மாணவர்க்கு இதை விளக்குவது எளிது. உவமையில் 'போல' என்னும் உருபு நின்று இரண்டையும் வேறாக வைக்கிறது. உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒத்துணர்வு உவமை, உருவகம் அன்று. அழுகின்றவனோடு சேர்ந்து நாமும் ஆற்றில் விழுந்துவிட்டால், கரையில் நிற்க ஒருவரும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இது நானே புனைந்தது. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண் ஒருத்தி, "எனக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. அப்பா கடன் வாங்கிச் சேர்த்தார்" என்கிறாள். மாமா சொல்வார்: "பிடித்ததை மட்டும் படிக்க முடியுமா? முதலில் முடி, பிறகு பார்க்கலாம்." தோழி சொல்வாள்: "முதலாண்டு எல்லார்க்கும் அப்படித்தான், கவலைப்படாதே." ஆசிரியர் கேட்பார்: "எந்தப் பாடத்தில் எவ்வளவு மதிப்பெண்?" மூவரும் நல்லவர்களே. மூவர் பேச்சிலும் அவள் சொன்னது அடங்கிப்போகிறது. உளத்துணையாளர் வேறு வகையாகப் பேசுவார்: "தொடரவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை, அப்பாவின் கடன் குறுக்கே நிற்கிறது. அப்படியா?" அவள் சிறிது எண்ணிவிட்டு, "கடன்கூட இல்லை. அவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார். அதுதான்" என்கிறாள்.

பாருங்கள்: துணையாளர் சொன்னது தவறு. அதனால் கேடில்லை. அவரைத் திருத்த முயன்றபோது, அதுவரை தனக்கே தெளிவாகாத ஒன்றை அவள் கண்டுகொண்டாள். 'அப்படியா' என்னும் அந்தச் சிறு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளை முறை என்று ரோஜர்ஸின் வழியைப் பலர் நகையாடினர். பயிற்சிக் கல்லூரிகளிலும் அவ்வாறே அதனைக் கற்பித்தனர். அவர்க்கு அது மிகுந்த வருத்தம் தந்தது. தாம் செய்வது எதிரொலித்தல் அன்று, தாம் புரிந்துகொண்டது சரிதானா என்று வந்தவரிடமே சரிபார்த்தல் என்று 1986இல்கூட எழுதினார்.

நிபந்தனையற்ற மதிப்பு என்பதைப் பலர் 'எது செய்தாலும் சரி' என்று பிழைபடக் கொள்வர். செயலை ஏற்பது வேறு. செய்தவனை மதிப்பது வேறு. குழந்தைக்கு அன்பு சோறு போன்ற தேவை. 'கோபப்படாவிட்டால்தான் நல்ல பிள்ளை', 'முதல் மதிப்பெண் எடுத்தால்தான் என் மகள்' என்று அன்புக்கு விலை குறிக்கும்போது, குழந்தை அன்பை விடுவதில்லை. தன் உணர்ச்சியை விட்டுவிடுகிறது. கோபம் வந்தாலும் 'எனக்குக் கோபமே வராது' என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொள்கிறது. இப்படி உள்ளே நிகழ்வது ஒன்றும் தன்னைப்பற்றி எண்ணுவது ஒன்றுமாகப் பிளவு விழுகிறது; அப்பிளவே பதற்றத்தின் ஊற்று என்பது ரோஜர்ஸின் விளக்கம். விலை குறிக்காத மதிப்பு ஓரிடத்தில் கிடைத்தால், ஒளித்துவைத்ததை அச்சமின்றி எடுத்துப் பார்க்கலாம். பார்த்த பிறகே அதை என்ன செய்வது என்ற கேள்வி எழும்.

மூன்றாவது பண்பு பேசுதற்கு எளிது; செய்தற்கு அரிது. முகத்தில் புன்னகையும் கண் கடிகாரத்திலுமாக இருப்பவரைச் சிறு பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். மனத்தில் தோன்றியதையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டலாகாது, அவ்வளவே.

1957இல் ஓர் ஆராய்ச்சி இதழில் ரோஜர்ஸ் ஒரு துணிவான கட்டுரை எழுதினார். ஒருவரின் ஆளுமை நல்ல வகையில் மாறுவதற்கு ஆறு நிலைமைகள் வேண்டும், அவை போதும், வேறொன்றும் வேண்டா என்றார். நான் கூறிய மூன்றும் அவ்வாறனுள் அடங்குவன. ஆறாவதாக அவர் கூறியதையே தேர்வுக்குப் படிப்போர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். துணையாளரின் ஒத்துணர்வும் மதிப்பும், நாடி வந்தவர்க்குச் சிறிதளவேனும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அது. என் உள்ளத்தில் அன்பு இருந்தது என்று நான் சொல்லிக்கொள்வதாற் பயனில்லை. எதிரில் நின்றவனுக்கு அது தெரிந்ததா?

என் மாணவனைப் பற்றி இப்பொழுது சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டு. பதினோராம் வகுப்பு மாணவன்; நன்றாகப் படிப்பவன். ஒரு மாலை, பள்ளி விட்ட பிறகு, என் அறை வாயிலில் நின்றான். "மாற்றுச் சான்றிதழ் வேண்டும், ஐயா" என்றான். "ஏன்?" என்றேன். அவன் வாய் திறப்பதற்குள் விடையையும் நானே சொல்லத் தொடங்கினேன். கல்வியின் பெருமை பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பேன். தெருவிளக்கில் படித்து உயர்ந்தவர்களையெல்லாம் அழைத்து வந்து அவன்முன் நிறுத்தினேன். நல்ல சொற்பொழிவு; வானொலிக்கே தகுந்தது. "சரி, ஐயா" என்று சொல்லிச் சென்றான். மனம் மாறிவிட்டான் என்று மகிழ்ந்தேன். மறுநாள் காலை தன் சிற்றப்பாவோடு வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டு போனான்.

ஆறு ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவனே என்னைக் கண்டு வணங்கினான். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை. பேச்சு வாக்கில் தெரிந்தது: அந்த ஆண்டு அவன் தந்தையார் நோயில் விழுந்தார். வீட்டில் ஒருவர் சம்பாதிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்த தங்கையை நூற்பாலைக்கு அனுப்புவதென்று பெரியவர்கள் முடிவு செய்தனர். "அவள் படிக்கட்டும், நான் போகிறேன்" என்று இவன் சொல்லியிருக்கிறான். தங்கை அப்பொழுது செவிலியர் படிப்பில் இருந்தாள். அவன் அதை எவ்விதக் குறையும் இல்லாமற் சொன்னான். கல்வியின் பெருமையை என்னினும் நன்கறிந்த ஒருவனிடம் நான் அரைமணி நேரம் அதனை விளக்கியிருக்கிறேன். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அப்பா" என்றேன். "நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள், ஐயா" என்றான். பழிப்பாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான்.

தெரிந்திருந்தால் அவனுக்கும் தங்கைக்கும் ஏதேனும் வழி செய்திருப்பேனா என்பது வேறு கேள்வி. நான் கேட்கவே இல்லை. அவ்வாரமே பழைய உளவியல் நூலைத் தேடியெடுத்தேன்.

ரோஜர்ஸின் கொள்கையை வேதவாக்காகக் கொள்ளுமாறு நான் சொல்லவில்லை. அவரே அதனை விரும்பியிரார். 1957 ஏப்ரல் 18ஆம் நாள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பூபர் என்னும் மெய்யியலறிஞரோடு அவர் மேடையில் உரையாடினார். நாடி வருபவரும் தாமும் அவ்வுறவில் சமமானவர் என்பது ரோஜர்ஸின் துணிபு. பூபர் அதனை ஒப்பவில்லை. அவர் உதவி வேண்டி உம்மிடம் வருகிறார். நீர் அவரிடம் அவ்வாறு செல்லவில்லை. ஆதலின் நிலைமையே உங்களைச் சமமாக விடாது என்பது அவர் வாதம். மேசைக்குப் பின்னே பல்லாண்டு உட்கார்ந்தவன் என்ற முறையில், இதில் நான் பூபர் பக்கம். தலைமையாசிரியன் எவ்வளவு கனிவாகப் புன்னகைத்தாலும், நன்னடத்தைச் சான்றிதழில் கையெழுத்திடுபவன் அவனே என்பதைப் பிள்ளைகள் மறப்பதில்லை. உயர்வு தாழ்வை இல்லையென்று நடிப்பதைக் காட்டிலும், இருக்கிறதென்று உணர்ந்து நடப்பதே நேர்மை.

அதே ஆண்டு ரோஜர்ஸ் விஸ்கான்சின் சென்றார். அங்கே மென்டோட்டா மாநில மருத்துவமனையில், கடுமையான மனச்சிதைவு நோயுற்றோரிடம் தம் முறையைச் சோதித்தார். அவர்களுட் பலர் உதவி கேட்டு வந்தவர் அல்லர். பேச விரும்பியவரும் அல்லர். ஓர் இளைஞனோடு ரோஜர்ஸ் அமர்ந்திருந்த உரையாடலின் பதிவு உண்டு. அதை உரையாடல் என்பதினும் மௌனம் என்பதே பொருந்தும். கால்மணி நேரத்துக்கும் மேற்பட்ட மௌனங்கள் அதில் உள. இடையிடையே ரோஜர்ஸ் ஒரு வாக்கியம் சொல்வார், மறுபடி மௌனம். யார்க்கும் பயனற்றவன் நான் என்று அவ்விளைஞன் உடைந்து அழுததும் அந்த மௌனத்தின் பின்னரே. ஆயின் ஆராய்ச்சி முழுமையின் முடிவு, 1967இல் வெளிவந்தபோது, எதிர்பார்த்த அளவு இல்லை. துணை பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஒத்துணர்வு மிக்க உறவு அமைந்த இடங்களில் மட்டும் நோயாளிகள் கூடுதலாகத் தேறினர். பண்ணையில் இரு கூட்டமாய் மாடுகளைப் பிரித்து அளக்கக் கற்றவர், தமக்கு உகவாத முடிவையும் அச்சிட்டார். அவர்பால் என் மதிப்பு உயர்வதற்கு அது ஒரு காரணம். அறிவாற்றல் வழி மருத்துவத்தைத் தோற்றுவித்த ஆரன் பெக் முதலியோர், இப்பண்புகள் வேண்டியவை என்பதை ஏற்று, அவை மட்டும் போதா என்று மறுத்தனர். இன்று உளநலத் துறையினர் பலர் நிற்பதும் அந்நிலையிலேயே.

ஒரு செய்தியை எச்சரிக்கையாகவே கூற வேண்டும். பள்ளியில் ஒரு பிள்ளை வாய் திறந்து, தனக்கு ஒருவர் இழைத்த பாலியற் கொடுமையைச் சொல்லுமானால், செவிகொடுத்ததோடு நம் கடமை முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தாலும், தனியே வைத்துக் காக்கலாகாது. மருத்துவரும் வீட்டாரும் வேண்டும். ஆகவே, 'யாரிடமும் சொல்லமாட்டேன், சொல்' என்று முன்னரே வாக்குக் கொடுப்பது தவறு. மாணவர்களாகிய உங்களுக்கும் இது பொருந்தும். உங்கள் தோழன் உங்களிடம்தான் முதலில் சொல்வான், தலைமையாசிரியனிடம் அன்று. அவன் சொல்லும்போது உங்கள் கதையை எடுத்துவிடாதீர்கள். ஆனால் அவன் சுமை உங்கள் தோளுக்கு மிஞ்சியது என்று தெரிந்தால், அவனையும் உடன் அழைத்துக்கொண்டு பெரியவர் ஒருவரிடம் செல்லுங்கள்.

ரோஜர்ஸ் 1987 பிப்ரவரி 4ஆம் நாள் கலிபோர்னியாவில் மறைந்தார். நான் அப்பொழுது பணியில் சேர்ந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. செய்தி எனக்குத் தெரியாது.

ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அறை வாயிலில் வந்து நின்றாள். வகுப்பாசிரியை அனுப்பவில்லை, தானே வந்தாள். மேசைக்கு இப்பாலிருந்த நாற்காலியில் நானும் வந்து உட்கார்ந்தேன். என்ன என்று ஒருமுறை கேட்டேன். பதில் இல்லை. அறிவுரை நா நுனிவரை வந்தது. முப்பதாண்டுப் பழக்கம் அல்லவா! விழுங்கினேன். "சொல்லத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, இரு, அம்மா" என்று மட்டும் சொன்னேன். மின்விசிறி சுழன்றது. வெளியே விளையாட்டுப் பாடவேளையின் கூச்சல். மணி அடிக்கும்வரை இருவரும் அப்படியே இருந்தோம். அவள் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, "நாளைக்கும் வரலாமா, ஐயா?" என்று கேட்டாள். வா என்றேன்.

மறுநாள் வந்தாள், பேசினாள். அவள் சொன்னது அவளுக்குரியது. ஆதலின் அதை இங்கே நான் சொல்வதற்கில்லை.